துப்பாக்கி உரிமம்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்

ஆயுதச் சட்ட வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறேன். உரிமம், புதுப்பித்தல், ரத்து, மேல்முறையீடு பற்றிக் கேளுங்கள். எந்தத் துப்பாக்கி நல்லது, எங்கே மலிவு என்பதெல்லாம் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை.

கே: அப்பா போன மாதம் காலமானார். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. உரிமம் 2027 வரை செல்லும். அதுவரை வீட்டில் வைத்திருக்கலாமா?

ப: கூடாது. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது; அவரோடு அது முடிந்துவிட்டது. அட்டையில் என்ன தேதி அச்சாகியிருந்தாலும் இன்று அந்த பீரோவில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. சட்டத்தின் 21-ஆவது பிரிவு, வாரிசுகள் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நாளையே போங்கள். துப்பாக்கி எண், உறை, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். பீரோவின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின்னில் ஈரம் பட்டு அட்டை உப்பிப்போன தோட்டாக்கள் நாலைந்து நிச்சயம் இருக்கும். அவற்றையும் கணக்கில் சேருங்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தோட்டாவை மறந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஒப்படைத்த பிறகு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளில் அதற்குத் தனி வழி உண்டு. மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் தேவை. அண்ணன் தம்பிக்குள் நிலத்தகராறு இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 வயதானாலோ, 25 ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அலைச்சல் மிச்சம்.

கே: ஏர்கன் வாங்க உரிமம் வேண்டுமா?

ப: குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். புறா, கொக்கு சுடத்தான் என்றால் வனவிலங்குச் சட்டம் காத்திருக்கிறது.

கே: வீட்டில் அரிவாள் வைத்திருப்பதும் ஆயுதச் சட்டத்தில் வருமா?

ப: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் உண்டு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு. தேங்காய் வெட்டும் அரிவாள் அடுப்படியில் இருக்கட்டும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நள்ளிரவில் பைக்கில் போனால் "விவசாயம்" என்று சொல்லி ஜாமீன் கேட்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

கே: விமான நிலையத்தில் என் பையில் ஒரு தோட்டா இருந்தது என்று வழக்குப் பதிந்திருக்கிறார்கள். மாமாவின் பையை இரவல் வாங்கிப் போனேன். தோட்டா இருந்ததே தெரியாது.

ப: தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம். உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. உங்களைப் போன்ற வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. மாமாவின் உரிம நகல், தோட்டா வாங்கிய ரசீது, பை அவருடையது என்ற பிரமாணப் பத்திரம் மூன்றையும் திரட்டுங்கள். உரிமதாரர்களே, பையை இரவல் கொடுக்குமுன் தலைகீழாக உதறுங்கள். பக்கவாட்டு ஜிப்பையும் திறந்து உதறுங்கள்.

கே: எனக்குக் கொலை மிரட்டல் இருக்கிறது. கைத்துப்பாக்கி உரிமம் கேட்டேன். "தேவை எழவில்லை" என்று ஒற்றை வரியில் நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

ப: இன்று வந்ததில் நல்ல கேள்வி. உரிமம் கேட்கவும், கேட்டதற்கு ஒழுங்கான பதில் பெறவும் உங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 13-ஆவது பிரிவின்படி காவல்துறை அறிக்கை வாங்க வேண்டும்; குறித்த காலத்தில் வராவிட்டால் அதற்காகக் காத்திராமலும் அதிகாரி முடிவெடுக்கலாம். 14-ஆவது பிரிவின்படி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்தக் காரணத்தை உங்களுக்குச் சொல்வது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அவர் கருதினால் மட்டுமே சொல்லாமல் விடலாம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது; சில அலுவலகங்களுக்கும் தெரியாததுபோல் இருக்கிறது.

"தேவை எழவில்லை" என்பது முடிவு. அதற்கான காரணம் எங்கே? 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யுங்கள். காலக்கெடு குறுகியது, உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். மிரட்டல் பற்றிக் கொடுத்த புகார், அதன் ரசீது, முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் இணையுங்கள். புகாரே கொடுக்காமல் "மிரட்டல் இருக்கிறது" என்றால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். நானும் நம்ப மாட்டேன்.

உரிமம் கிடைத்தாலும் சுடும் உரிமை தனியாக வருவதில்லை. தற்காப்புக்கு எல்லை வகுப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். தேவைக்கு மேல் தீங்கு செய்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம்.

கே: உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ப: தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் இணையதளத்தில். மாவட்டத்தில் ஆட்சியர், மாநகரக் காவல் எல்லையில் ஆணையர். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கே (சட்ட மாணவர்): இந்தியரை நிராயுதபாணியாக்க 1878-ல் வெள்ளையர் போட்ட சட்டத்தின் வாரிசுதானே இன்றைய சட்டம்? காந்தியே அதைக் கண்டித்தார். அமெரிக்காவில்போல இங்கே ஏன் அடிப்படை உரிமையாக்கவில்லை?

ப: வரலாறு சரி, பாதியைத்தான் சொன்னீர்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878-ல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் 1882-லேயே ரிப்பன் காலத்தில் போய்விட்டது. ஆயுதச் சட்டமோ சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1959-ல் போட்ட புதிய சட்டம் 1962-ல் அமலானபோதுதான் போனது. இந்தியர் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம் என்றிருந்ததுதான் அதன் விஷம். காந்தி அதைக் கண்டித்தது 1918-ல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்த துண்டறிக்கையில். ஆயுதம் பழக வேண்டுமானால் பட்டாளத்தில் சேருங்கள் என்று கெடா மாவட்டத்து இளைஞர்களை அழைத்த இடம் அது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள்.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது, ஆனால் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை; திருத்தம் தோற்றது. ஆகவே மறந்துபோய் விட்டதல்ல, பேசி முடிவெடுத்து விட்டது.

கே (மற்றொரு வாசகர்): மாணவருக்கு: அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பதைப் பார்த்த பிறகுமா இந்தப் பேச்சு? மொத்தமாகத் தடை செய்ய வேண்டும்.

கே (சட்ட மாணவர்): கள்ளத் துப்பாக்கிக்காரனைத் தடை எப்படித் தடுக்கும்? நேர்மையானவன்தானே அலைகிறான்?

ப: இருவரும் அமர்ந்து கேளுங்கள். அமெரிக்க அரசியலமைப்பில் 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் தரும் ஆயுத உரிமை தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2008-ல்தான். 2022-ல் நியூயார்க்கின் பழைய சட்டம் செல்லாது என்று அது சொன்னது. வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தேவையை நிரூபிக்கச் சொன்னது அந்தச் சட்டம். நம் 13-ஆவது பிரிவு கேட்கும் "நல்ல காரணம்" ஏறக்குறைய அதே ரகம்! அங்கே வீழ்ந்தது இங்கே அடித்தளம். அதே நீதிமன்றம் 2024-ல், குடும்ப வன்முறைத் தடையுத்தரவு உள்ளவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கலாம் என்றது. எல்லையில்லா உரிமை அங்கேயும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டம் இறுகியது. லட்சக்கணக்கான துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. தற்காப்பு என்ற காரணமே அங்கே செல்லாது, இங்கே செல்லும். அந்த அளவில் நாம் ஆஸ்திரேலியாவைவிடத் தாராளம்.

கள்ளத் துப்பாக்கி பற்றி மாணவர் கேட்டது நியாயம். பட்டறையில் செய்யும் நாட்டுத் துப்பாக்கி உரிம அலுவலகத்தின் வாசலுக்கு வருவதே இல்லை. அதைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அது நடக்கவில்லை என்பதற்காக ஆளுக்கொரு ரிவால்வர் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அதிகாரி காரணம் எழுதாமல் மறுப்பதும் சம்மதமில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள்தான் அந்தக் காரணத்தை உரக்கக் கேட்க வேண்டும்.

கே: அப்படியானால் குடகர்களுக்கு மட்டும் உரிமத்திலிருந்து விலக்கு எப்படி?

ப: விவாதம் முடிந்தது என்று நினைத்தேன்! 1861 முதல் உள்ள விலக்கு அது. குடகு இனத்தாருக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் பொருந்தும். 41-ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. துப்பாக்கி வகைக்கும் எண்ணிக்கைக்கும் அங்கேயும் வரம்பு உண்டு. சமத்துவத்துக்கு முரணா என்று கேட்டால், எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கே: காட்டுப்பன்றி சோளத்தை அழிக்கிறது. துப்பாக்கி கிடைக்குமா?

ப: பயிர்க் காவலுக்கு, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது பன்றியைச் சுடும் அனுமதி அல்ல. அதற்கு வனத்துறையிடம் போங்கள். அவுட்டுக்காய் (வெடிமருந்து பொதிந்த இரை) வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் சிதறிச் செத்திருக்கிறது. வெடிபொருள் வழக்கும் வரும்.

கே: என்னிடம் மூன்று துப்பாக்கிகள் உள்ளன. மூன்றும் தாத்தா காலத்தவை.

ப: 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். மசோதாவில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்பு வந்து இரண்டானது. மூன்றாவதை ஒப்படைக்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. உடனே ஒரு வழக்கறிஞரோடு காவல் நிலையம் போங்கள்.

கே: கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடலாமா?

ப: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வரும்.

கே: ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்களே?

ப: ஒவ்வொருவர் நிலையையும் ஒரு குழு ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் முறை. விலக்கு வேண்டுமானால் தேர்தல் அறிவிப்பு வந்த உடனே அந்தக் குழுவுக்கு மனுக் கொடுங்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்தால் ரசீது முக்கியம். தேர்தல் முடிந்ததும் மறக்காமல் மீட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஐயா, உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ப: மேலே இருக்கிறது.

கே: எங்கள் ஊரில் ஒருவர் இரண்டே வாரத்தில் வாங்கித் தருகிறாராம். நம்பலாமா?

ப: மேலே இருக்கிறது என்றேன். அதில் தரகர் பற்றியும் இருக்கிறது. அவர் கொடுக்கும் அட்டையில் தனி அடையாள எண் இருந்தால் அதைத் தரவுத்தளத்தில் சரிபாருங்கள். இல்லையென்றால் அது உரிமமே அல்ல. பணம் போனதோடு நிற்காது, அட்டையைக் காட்டியவர் மீதும் வழக்கு வரும். மீதிக் கேள்விகளை அடுத்த வாரம் பார்க்கிறேன்.