நுகர்வோர் கேள்வி-பதில்: நூறு பவுண்டு தருகிறோம் என்றார்களே, தந்தார்களா?

சென்ற முறை ஒரு மூட்டுவலி எண்ணெய் விளம்பரத்தைப் பற்றி எழுதும்போது, விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் பத்திரிகை விளம்பரங்களைப் போகிற போக்கில் தொட்டிருந்தேன். எண்ணெயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடிதங்கள் எல்லாம் லண்டனைப் பற்றித்தான்.

கேள்வி: சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது என்று எழுதியிருந்தீர்கள். யாராவது கேட்டுப் பார்த்தார்களா? சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த வழக்கின் பெயரைச் சொன்னாலே கொட்டாவி விடுகிறாள். (வாசகர், திருச்சி)

வழக்கின் பெயர் ‘கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி’. கேட்டார் ஒரு பெண்மணி. விடாமல் கேட்டார். வழக்கின் கதையைச் சொல்லாமல் தீர்ப்பின் சாரத்தை மட்டும் உருப்போட வைத்தால் கொட்டாவிதான் வரும். உங்கள் மகளைக் குறை சொல்ல மாட்டேன்.

1889 கடைசியில் தொடங்கிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் ஐரோப்பாவில் அலை அலையாக வந்துகொண்டிருந்த நேரம். 1891 நவம்பர் 13 அன்று ‘பால் மால் கெஜட்’ இதழில் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனியின் விளம்பரம் வெளியானது. அவர்கள் விற்ற ‘ஸ்மோக் பால்’, அதாவது புகைப்பந்து, ஒரு ரப்பர் பந்து. உள்ளே கார்பாலிக் அமிலம் சேர்த்த தூள், மேலே ஒரு குழாய். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் தூள் புகைபோல ஏறும், மூக்கு ஒழுகும். விலை 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. அச்சிட்ட குறிப்பின்படி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவோம் என்றார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார்களோ என்னவோ. ‘எங்கள் நேர்மைக்கு அடையாளமாக ரீஜென்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம்’ என்று ஒரு வரியையும் சேர்த்தார்கள்.

லூயிசா கார்லில் என்ற பெண்மணி விளம்பரத்தை நம்பி நவம்பர் 20 அன்று ஒரு பந்து வாங்கினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. 1892 ஜனவரி 17 அன்று அவருக்கு இன்ஃப்ளூயன்சா வந்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான் மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதே நோயில் இறந்திருந்தார். கார்லிலின் கணவர் வழக்கறிஞர்; நிறுவனம் இதை எதிர்பார்த்திருக்காது. கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் வந்த பதில்: ஏமாற்றுக்காரர்கள் வரக்கூடும் என்பதால், அம்மையார் தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எங்கள் செயலாளர் கண்முன்னே பந்தைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்!

நீதிமன்றத்தில் நிறுவனம் சொன்ன சாக்குகளை இன்றைக்கும் கேட்கலாம். அது வெறும் விளம்பர ஆரவாரம், ஒப்பந்தம் அல்ல. ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா? உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம் என்று அவர் எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லையே?

1892 டிசம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் இதைத் தள்ளினார்கள். வெறும் ஆரவாரம் என்றால் வங்கியில் 1,000 பவுண்டு எதற்கு? நாய் தொலைந்துவிட்டது, கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று விளம்பரம் செய்தால், தேடக் கிளம்புகிறவர் எல்லாம் முதலில் உட்கார்ந்து சம்மதக் கடிதம் எழுத வேண்டுமா என்று கேட்டார் நீதிபதி போவன். 100 பவுண்டைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. நிபந்தனையை நிறைவேற்றுவதே சம்மதம் என்ற இந்த விதி, இருபது ஆண்டுகளுக்கு முன்பே 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-வது பிரிவில் ஏறிவிட்டது என்பதை மகளிடம் சொல்லுங்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

தோற்ற நிறுவனம் வெட்கப்பட்டதா? 1893 பிப்ரவரியில் புது விளம்பரம் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பந்து விற்றும் மூன்று பேர்தான் பரிசு கேட்டார்கள், ஆகவே மருந்து வேலை செய்கிறது என்பது நிரூபணமாகிவிட்டதாம்! இந்த முறை பரிசு 200 பவுண்டு. ஆனால் கீழே பொடி எழுத்தில்: நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி, கையெழுத்திட்டு, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே லண்டன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், மார்ச் 31 வரைதான் செல்லும். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பந்துதான் நினைவுக்கு வரும்.

கேள்வி: பீச்சம் மாத்திரை 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்று விளம்பரத்தில் பார்த்தேன். இது என்ன அரைகுறை விலை? பெட்டியில் ‘அரசாங்க முத்திரை’ இருக்கும் என்றும் போட்டிருக்கிறது. அரசு சோதித்துப் பார்த்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: வரி. உள்ளே என்ன என்று சொல்லாமல் விற்ற இப்படிப்பட்ட மருந்துகளுக்கு இங்கிலாந்தில் முத்திரை வரி இருந்தது. 1 ஷில்லிங் (12 பென்ஸ்) வரையுள்ள பொருளுக்கு 1½ பென்ஸ், அதற்கு மேல் 2½ ஷில்லிங் வரை 3 பென்ஸ். பெரிய பெட்டி 2 ஷில்லிங் 9 பென்ஸ் என்று விற்றதும் அதனால்தான். வரி கட்டியதற்கான சீட்டு பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் நிறுவனங்கள் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டன பாருங்கள். ‘அரசாங்க முத்திரையில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் போலி’ என்று விளம்பரத்துக்கு விளம்பரம் அச்சிட்டார்கள். முத்திரையில் பெயர் இருந்தது உண்மைதான். விளம்பரத்தைப் படித்தவர்கள் மகாராணியே கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டால் அதற்கு நிறுவனம் பொறுப்பா?

பீச்சம் மாத்திரைக்கு இன்னொரு வாசகமும் உண்டு: ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்.’ ஒரு கினி 21 ஷில்லிங். மகாராணி இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1909-இல், பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய ரகசிய மருந்துகளைப் பகுத்தாய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டது. மாத்திரையில் இருந்தவை கற்றாழைப் பிசின், இஞ்சி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் விலை சுமார் அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. வயிறு போகும், அதில் பொய்யில்லை. கற்றாழைக்கு அந்தக் குணம் உண்டு. அதற்கு மேல் பட்டியலிட்ட நோய்களெல்லாம் எழுத்து வேலை.

கேள்வி: அப்படியானால் எல்லாமே புளுகுதானா? கேட்பரி, பியர்ஸ் எல்லாம் அந்தக் காலத்தவைதானே? (வாசகர், மதுரை)

இல்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னவர்களும் இருந்தார்கள். 1850-களில் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசால் லண்டன் கடைச் சரக்கையெல்லாம் நுண்ணோக்கியில் வைத்துக் கலப்படத்தை அம்பலப்படுத்தினார். கோகோ அதில் மாட்டிய சரக்கு. கோகோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தப் பிசுபிசுப்பை மறைக்க மாவு சேர்ப்பது வழக்கம். கேட்பரியும் அதுவரை அப்படித்தான் விற்றது. 1866-இல் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் டச்சு இயந்திரத்தைக் கொண்டு மாவில்லாத கோகோவைத் தயாரித்து, ‘முற்றிலும் தூய்மையானது, ஆகவே சிறந்தது’ என்று விளம்பரம் செய்தார்கள். அப்படியென்றால் எங்களுடையது தூய்மையற்றதா என்று மற்ற நிறுவனங்கள் சீறின. சீறட்டுமே, அது நுண்ணோக்கியில் தெரியும் விஷயம். ‘ஆகவே சிறந்தது’ என்பதைத்தான் எந்த நுண்ணோக்கியும் காட்டாது.

பியர்ஸ் சோப்பு வேறு ரகம். நடிகை லில்லி லாங்ட்ரியின் சான்றிதழை அச்சிட்டு விற்றார்கள். அதைக் கிண்டல் செய்து 1884-இல் ‘பஞ்ச்’ இதழ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது: அழுக்கு மூட்டையாக ஒரு நாடோடி, ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சோப்பைப் பயன்படுத்தினேன்; அதற்குப் பிறகு வேறு எந்தச் சோப்பையும் தொட்டதில்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறான். பியர்ஸ் நிறுவனம் கோபப்படாமல் அந்தச் சித்திரத்தையே வாங்கித் தன் விளம்பரமாக்கிக்கொண்டது. புளுகைப் பொறுக்காத எனக்கும் இந்தச் சாமர்த்தியம் பிடிக்கும்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ‘டாக்டர் காலிஸ் பிரௌன் குளோரோடைன்’ என்று பொறித்த பழைய பாட்டில் கிடைத்தது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிறது. இருமலுக்கு நல்லது என்கிறார் மாமா. விற்றால் விலை போகுமா? (வாசகி, ஊட்டி)

முதலில் அதை மாமாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்தபோது பிரௌன் காலராவுக்காகத் தயாரித்தது அது. பழைய தயாரிப்பில் அபின் கரைசல், குளோரோஃபார்ம், கஞ்சா சாறு மூன்றும் உண்டு. இருமல் அடங்கும்தான், அளவு தப்பினால் மூச்சும் அடங்கும். 1868-இல் அபினுக்கு ‘விஷம்’ என்ற சீட்டைக் கட்டாயமாக்கிய இங்கிலாந்துச் சட்டம், முத்திரை ஒட்டிய இத்தகைய மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. 1892-இல் வழக்குப் போட்ட பிறகுதான் குளோரோடைன் பாட்டிலிலும் அந்தச் சொல் ஏறியது. உங்கள் பாட்டிலில் சீட்டு மிஞ்சியிருந்து அதில் ‘விஷம்’ என்று இருந்தால், அது அதற்குப் பிந்தையதாக இருக்கலாம்.

திரவத்தோடு விற்க நினைக்காதீர்கள்; அபின் கலந்த பொருளை விற்பது குற்றமாகிவிடும். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் காட்டி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். காலியான பாட்டிலைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள். சீட்டு கிழியாமல் இருந்தால் கழுவும்போது நனைத்துவிடாதீர்கள்.