‘அந்த ஊர்ல என்ன இருக்கு?’ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். செப்டம்பரில் டொராண்டோ வந்திருக்கிறாய். பகலில் கல்லூரி, ராத்திரியில் குடோன் வேலை. அறையில் கூட இருக்கும் பையன்கள் நம்ம வடசென்னைப் பக்கத்துச் சாக்கடை வீடியோ ஒன்றைப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள், உனக்குக் கோபம் வந்திருக்கிறது. "தண்ணி கிடையாது, மூச்சு விட்டா மணலி நாத்தம், ஒரு கையெழுத்துக்குக் காசு. அந்த ஊர்ல என்ன இருக்குன்னு இப்படித் துடிக்கிற?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். உனக்குப் பதில் வரவில்லை. "19 வருஷமா இங்க இருக்கீங்களே அக்கா, உங்களுக்கு இன்னும் ஊர்மேல ஆசை இருக்கா? இருந்தா, ஏன்?" என்று என்னிடம் கேட்கிறாய்.

இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நீ காசிமேடு, நான் தண்டையார்பேட்டை. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு மூன்று வார லீவில் வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் நண்பன் சொன்னதெல்லாம் உண்மை. முதலில் அதை ஒத்துக்கொள். இந்த மாதத்தில் வாடைக் காற்று மணலி ஆலைகளின் வாடையோடுதான் வருகிறது. கீழே அண்ணன் மகளுக்கு மூச்சு இழுக்கிறது, நெபுலைசர் ஓடும் சத்தம் மாடிப்படி வழியாக மேலே கேட்கிறது. ஏழு வயசுப் பிள்ளை. தண்ணீர்க் கதை உனக்கும் தெரியும். 2003, 2004 பஞ்சத்தில் நான் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். எங்கள் தெருவில் குடத்துக்கு அடையாளம் உண்டு. எங்களுடையது பச்சைக் குடம், கழுத்தில் சிவப்புத் துணி. 2010-ல் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர் என்றார்கள். அதன்பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. சரி என்று இருந்தால், 2013-ல் பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்து, தண்டையார்பேட்டையில் சில வீடுகளில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தது.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. நகரத்துக்கு வேண்டிய மின்சாரம், பெட்ரோல், துறைமுகம் எல்லாம் நம் பக்கத்தில்தான். மின்சாரம் தெற்கே போகிறது, சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் தங்குகிறது. ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. அப்புறம் அதே நகரத்தில் வேலைக்குப் போனால், விண்ணப்பத்தில் விலாசத்தைப் பார்த்துவிட்டு "ஓ, நார்த் மெட்ராஸா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு ஒரு நேர்காணலில் அது நடந்தது. இன்றைக்கும் அந்த மேஜை, அந்த மனிதர் பேனாவை மூடிவைத்த விதம் எல்லாம் நினைவில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்து எப்படி ஆசை வைக்க முடிகிறது என்றால், எங்கள் அப்பாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1994-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை உள்ளே வைக்கிறபோது பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. அந்த மெஷினுக்குத் தடுப்பு கிடையாது. இருந்த தடுப்பை வேலை மெதுவாகிறது என்று எப்போதோ கழற்றி வைத்திருந்தார்கள்.

பட்டறையில் எல்லோரும் பதறி நின்றபோது, ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியவர்தான் உள்ளே போய்த் தரையில் விரல்களைத் தேடி எடுத்தார். சுத்தமான துணியை நனைத்து அதில் சுற்றி, ஒரு பால் கவரைக் கழுவி அதற்குள் போட்டு, வாயைக் கட்டினார். அப்பாவை ஏற்றிக்கொண்டு டோல்கேட்டில் மீன் விற்கிற அம்மாவிடம் நிறுத்தி ஐஸ் கேட்டார். அந்த அம்மா வஞ்சிரத்துக்கு அடியில் போட்டிருந்த ஐஸை அலுமினிய அன்னக்கூடையோடு தூக்கி ஆட்டோவுக்குள் வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். ஐஸ் விரலில் நேராகப் படக்கூடாது, கவருக்கு வெளியில்தான் இருக்க வேண்டும் என்று வழி முழுக்க அப்பாவிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வண்டியில் அப்படிப் போன முதல் ஆள் எங்கள் அப்பா இல்லை, அதனால்தான் தெரியும்.

இந்த ஒரு விஷயத்தை நான் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை கை நசுங்கியிருந்தால் ஓர் ஆட்டோக்காரருக்கு இது கைப்பாடமாகியிருக்கும்! ஊரின் கேடும் ஊரின் நல்ல மனசும் ஒரே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தன. என்னால் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு இன்னொன்றை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்டான்லிக்குத்தான் போனார்கள். என் பாட்டி கடைசிவரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் பிறந்த ஆஸ்பத்திரி அது. கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே தனிப் பிரிவை வளர்த்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. நாடு முழுக்கப் பெயர்பெற்ற பிரிவு. அது நம் பக்கத்தில் வளர்ந்ததற்கும் நம் பக்கத்துப் பட்டறைகளுக்கும் சம்பந்தம் இல்லையென்று என்னால் நினைக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக் குழாயையும் நரம்பையும் தைத்தார்கள். மோதிர விரல் கறுத்துப்போனதால் எடுத்துவிட்டார்கள். நடுவிரல் பிழைத்தது. பீஸ் என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை.

வார்டில் அப்பாவுக்கு ஒரு நர்ஸம்மா பயிற்சி கொடுப்பார். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டி உள்ளங்கையில் வைத்து, "அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க" என்பார். பத்து நாள் கழித்து அந்த நடுவிரல் ஒரு துளி, ஒரே துளி, உள்பக்கம் மடங்கியது. அப்பா என்னைக் கூப்பிட்டு இன்னொரு முறை மடக்கிக் காட்டினார். நான் நர்ஸானது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள். படிக்கப் பணம் கொடுத்தது எதிர்வீட்டு பானு அத்தையின் சீட்டுக் காசு. ரமலானில் தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி அனுப்புவதும் அவர்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்கள் பச்சைக் குடம் தினமும் நிரம்பி வாசலில் இருந்தது. யார் நிரப்பினார்கள் என்று அம்மாவுக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது.

பட்டறை முதலாளி கொஞ்சம் பணம் கொடுத்தார். மறுநாளே அதே மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்தார்.

கனடாவில் நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்குவதற்குத் தூக்கும் இயந்திரம் இருக்கிறது. இரண்டு பேர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டால் எழுதிவைக்கப் படிவம் இருக்கிறது, லீவு இருக்கிறது, சம்பளமும் வருகிறது. அந்த நாட்டில் பவர் பிரஸ் ஓட்டியிருந்தால் எங்கள் அப்பாவுக்கு மோதிர விரல் இருந்திருக்கும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டே அந்த ஊரைக் குறைசொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. என் இரண்டு பிள்ளைகளும் அங்கே நன்றாக மூச்சுவிட்டு வளர்கிறார்கள். நான் திரும்பி வராததற்கு அதுதான் முக்கியமான காரணம். உன்னிடம் அதை மறைக்க மாட்டேன்.

ஆனால், யாராவது கேட்டால் நான் நாட்டின் பெருமைகளை அடுக்குவதில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் நிலையம் என்று சொல்லலாம், உண்மைதான். நம்ம பக்கத்துப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுபவரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். அந்தச் செய்தியை என் வார்டில் எல்லோரிடமும் காட்டினேன், கண்ணெல்லாம் தண்ணீர். அதெல்லாம் சந்தோஷம். அவை இல்லாவிட்டாலும் எனக்கு இந்த ஊர்மேல் ஆசை இருந்திருக்கும். என்னைச் சுமந்த ஊர் இது, அவ்வளவுதான். அம்மாவைப் பிடிக்க ஒருத்தருக்கு என்ன காரணம் வேண்டும்?

இன்னொன்று சொல்ல வேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அண்ணனிடம் போனில் தண்ணீருக்கும் காற்றுக்கும் சேர்த்து ஊரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் போனை வைத்ததும், "ஊரைப் பேசுறீர் பிள்ளை. பேசுறதுக்கு உமக்கு ஊர் இருக்கு" என்றார். அவர்கள் பேச்சில் ‘பேசுறது’ என்றால் திட்டுவது. அவர் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, தெருவில் பழகின முகம் ஒன்றுகூட இல்லை. அவர் உள்ளே போனபிறகும் நான் அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஊரைத் திட்டும்போதுகூட ஒரு நன்றியோடு திட்டுகிறேன்.

திட்டுவதை விடாதே. நம் ஆட்கள் பொறுத்துக்கொண்டே போகிறவர்கள் என்று அந்தப் பையன் நினைத்தால், அவனுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளி. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் ஆட்களைச் சேர்த்துத் தொடங்கியதுதான். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளியது நம் மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் அப்படித்தான். எங்கள் சித்தி மகன் போனான். ஒரு வாரம் கழித்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை என்று போட்டோ அனுப்பினான். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது.

அடுத்தமுறை அந்தப் பையன் கேட்டால் சண்டைக்குப் போகாதே. நீ சொன்னதெல்லாம் சரிதான்டா என்று சொல்லிவிட்டு, உன்னைத் தூக்கிவிட்ட ஒரு ஆளைப் பற்றி அவனுக்குச் சொல். உனக்கும் ஒரு ஆட்டோக்காரர், ஒரு மீன்காரம்மா நிச்சயம் இருப்பார்கள். கேட்ட பிறகு அவனும் அவன் ஊர் ஆள் ஒருவரைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டான்.

முதல் பனிக்காலம் மனசைக் கொஞ்சம் படுத்தும். டிசம்பரில் நாலே முக்காலுக்குள் இருட்டியதல்லவா, நீ வேலைக்குக் கிளம்பும்போதே ராத்திரி. அந்த இருட்டில் ஊர் சொர்க்கமாகத் தெரியும், மறுநாள் செய்தியைப் பார்த்தால் நரகமாகத் தெரியும். இரண்டையும் நம்பாதே. வீட்டுக்குப் போன் செய், ஆனால் அழுகிற நேரத்தில் செய்யாதே, சாப்பிட்டுவிட்டுச் செய். ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் ஐஸில் உறைந்த வஞ்சிரம் கிடைக்கும். நல்ல புளி போட்டு ஒருநாள் குழம்பு வை, அந்தப் பையன்களையும் உட்காரவைத்துச் சாப்பிடு.

இப்போது மெட்ரோ 2021-லிருந்து விம்கோ நகர் வரை போகிறது. ஏர்போர்ட்டில் ஏறினால் நேராகத் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடலாம். நீ முதல் லீவில் வரும்போது அதில் வா.

நாளைக்கு விடியற்காலை அப்பாவோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறேன். பையை இன்னும் வலது கையில்தான் தூக்குவார், அந்த நடுவிரலில் மாட்டிக்கொண்டு. உங்கள் அம்மா வீடு எந்தத் தெரு என்று சொல். 24-ஆம் தேதி கிளம்புகிறேன், பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. கருவாடு மட்டும் வேண்டாம், மற்றது எதுவானாலும் கொடுத்தனுப்பச் சொல்.