ஸ்குரூ ஏறிய டயர்: ஸ்ட்ரிப் போதுமா, மஷ்ரூம் பேட்ச் வேண்டுமா?

கேள்வி: காரின் பின் இடது டயரில் ஸ்குரூ ஒன்று ஏறிவிட்டது. டியூப்லெஸ் டயர், 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு கடையில் டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பசைக் கயிறு திணிக்கும் ஸ்ட்ரிப் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் டயரைக் கழற்றி, உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவ (காம்பு உள்ள) மஷ்ரூம் பேட்ச் போடணும் என்று நாலு மடங்கு கேட்கிறார்கள். மூன்றாமவர், "டியூப் போட்டுடுங்க சார், தொல்லையே இருக்காது" என்கிறார். மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து மதுரை போய் வருகிறேன். எதைச் செய்வது?

பதில்: நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்பதால் மஷ்ரூம் பேட்ச்தான். ஆனால் அதற்கு முன் அந்த டயர் பஞ்சர் போடத் தக்கதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்வரை ஸ்குரூவைப் பிடுங்காதீர்கள், காற்றை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழியே வரவில்லை என்றால், குட்டை ஸ்குரூ தரையில் பதியும் ட்ரெட் ரப்பரோடு நின்றிருக்கவும் கூடும். அப்படியானால் பஞ்சரே இல்லை.

குமிழி வந்தால், எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். தரையில் பதியும் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மேற்படாத ஓட்டை என்றால் தாராளமாகப் போடலாம். ஓரத்து ஷோல்டரிலோ, பக்கச் சுவரான சைடுவாலிலோ என்றால் எந்தக் கடைக்காரர் உறுதி சொன்னாலும் வேண்டாம். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதி மடங்கி நிமிர்கிறது, பேட்ச் நிற்காது. நீளவாக்கில் கிழிந்த வெட்டுக் காயத்துக்கும் இதே பதில்தான். பழைய பஞ்சர் ஏதாவது இருந்தால் புதிய பேட்ச் அதன் மேல் ஏறக்கூடாது.

இன்னொரு சோதனை டயரைக் கழற்றினால்தான் முடியும். காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால், சைடுவால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்ளே அரைபட்டிருக்கும். கழற்றியதும் கறுப்பு ரப்பர் தூள் கொட்டும், உட்சுவரில் வளையம் போலத் தேய்ந்த தடம் தெரியும். வெளியே டயர் புத்தம்புதிதாகவே தெரியலாம். அந்த டயருக்கு என்ன பேட்ச் போட்டாலும் வீண், ஹைவேயில் சூடேறும்போது சுவர் பிய்ந்துவிடும். கழற்றாமல் ஸ்ட்ரிப் ஏற்றுபவர் இதைப் பார்க்கவே முடியாது.

ஸ்ட்ரிப்பின் மற்றக் குறைகளும் சின்னவை அல்ல. கயிறு நுழைய ஓட்டையைத் துருவும் ரீமரை முரட்டுத்தனமாகத் திருகும்போது ட்ரெட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டீல் பெல்ட் கம்பிகள் அறுபடலாம். பசை தடவிய கயிறு ஓட்டையை அடைக்கிறதே தவிர, உள்ளே காற்றைத் தாங்கும் மெல்லிய ரப்பர் படலத்தை மூடுவதில்லை. காற்று அதன் வழியே அடுக்குகளுக்குள் கசியலாம், வெளியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கலாம். இதெல்லாம் ஒரே வாரத்தில் தெரிவதில்லை. ஆனாலும் ராத்திரி நேரம், குடும்பத்தோடு உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் நிற்கிறீர்கள், ஸ்டெப்னியும் இல்லை என்றால் ஸ்ட்ரிப்தான் கை கொடுக்கும். ஏற்றிக்கொண்டு நிதானமாக ஊர் வந்து சேருங்கள், பிறகு கழற்றி மஷ்ரூம் போடுங்கள்.

மஷ்ரூம் என்ற பெயரிலும் அரைகுறை வேலை நடக்கும், அதனால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்குரூ போன திசையிலேயே கட்டர் விட்டு ஓட்டையைச் சீராக்க வேண்டும். உட்புறத்தைப் பேட்ச்சை விடச் சற்று அகலமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க (பஃபிங்) வேண்டும், உள்ளே இருக்கும் நூல் தெரியும் அளவுக்குத் தேய்க்கக்கூடாது. தூளைச் சுத்தமாக எடுத்தபின் சொல்யூஷன் எனும் பசையை ஓட்டைக்குள்ளும் சுற்றிலும் மெல்லிசாகத் தடவுவார்கள். அநேக பேட்ச்கள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் கையோடு வரக்கூடாது. அதுவரை சில நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். அவசரத்துக்கு கம்ப்ரெஸர் காற்று அடித்தால் அதிலுள்ள தண்ணீரும் ஆயிலும் பசையில் படியும். ஈரம் போகுமுன் ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

பிறகு காம்பை வெளிப்பக்கம் இழுத்து, சின்ன ரோலரால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தங்கக்கூடாது என்பதற்காகத்தான் நடுவிலிருந்து தொடங்குவது. வெட்டும்போது மட்டும், வெளியே நீட்டும் காம்பை இழுத்துப் பிடிக்காமல் ட்ரெட்டை ஒட்டி வெட்டினால் போதும். ஸ்குரூ மிகவும் சாய்வாக, சுமார் 25 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் ஒரே துண்டு மஷ்ரூம் சரியாக உட்காராது. காம்பு தனி, பேட்ச் தனி என்று போட வேண்டும். ஏற்கனவே பஞ்சர் ஜெல் ஊற்றியிருந்தால் கழற்றுமுன் சொல்லிவிடுங்கள், அதைத் துடைக்காமல் எதுவும் ஒட்டாது.

டியூப் யோசனையை விட்டுவிடுங்கள். டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூபுக்காகச் செய்யப்பட்டதல்ல. உரசலில் டியூப் தேயும், சூடும் ஏறும். போதாக்குறைக்கு, டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெல்ல இறங்கும், டியூப் கிழிந்தால் சட்டென்று மொத்தமும் போய்விடும். 100 கி.மீ. வேகத்தில் அந்த வித்தியாசம் பெரிது.

மாட்டியபின் ஓட்டை, வால்வு, ரிம்மின் இரு ஓரம் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். டயரைக் கழற்றியதால் வீல் பேலன்சிங்கும் சேர்த்தே செய்துவிடுங்கள். போல்ட்டை 50–100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். காற்றளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், அது ஆறிய டயருக்கான கணக்கு. வெயிலில் ஓட்டி வந்து 33 பிஎஸ்ஐ வைத்தால் மறுநாள் காலை 30 காட்டலாம், அதற்காக பேட்ச்சைக் குறை சொல்ல வேண்டாம். காலையில் வண்டி எடுக்குமுன் சரியான அளவு வைத்துவிட்டு, தொடர்ந்து மூன்று நாள் அதே நேரத்தில் பாருங்கள். மற்ற மூன்று டயர்கள் நிலையாக இருந்து இது மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால்தான் அதே கடைக்குத் திரும்பப் போக வேண்டும்.