தேதி முதலில், பத்திரிகை அப்புறம்

கேள்வி: தை 25-ம் தேதி என் மகளுக்குக் கல்யாணம். 300 வீட்டுக்கும் நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும் என்கிறார் கணவர். 'வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்மா' என்கிறாள் மகள். எப்போது தொடங்குவது, யாருக்கு எப்படிக் கொடுப்பது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, தேதி சொல்வது வேறு, பத்திரிகை வைப்பது வேறு. தேதியை உடனே சொல்லிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. தை 25-லிருந்து பின்னால் எண்ணினால் கார்த்திகைக் கடைசியில் வந்து நிற்கும். அதற்குள் சென்னை, பெங்களூரு சொந்தங்களுக்குப் போன் போட்டு, "டிக்கெட் எடுத்துடுங்க, பத்திரிகையோட நேர்ல வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவு கேட்க வேண்டுமே, அவர்களுக்கு இன்றைக்கே.

அடுத்து, நடுவில் மார்கழி வருகிறது. அந்த மாதம் பத்திரிகை வைக்காத வீடுகள் நம் பக்கம் நிறைய. அதனால் கார்த்திகை முடிவதற்குள் குலதெய்வத்துக்கு வைத்து, தாய்மாமன் வீட்டிலும் கொடுத்துத் தொடங்கிவிடுங்கள். மற்றவர்களுக்குப் பொங்கல் கழித்து. அப்போது கையில் மூன்று வாரம்தான் இருக்கும். 300 வீடு முடியாது. அச்சடிக்கக் கொடுக்கும் முன் பெரியப்பா, சித்தப்பா பெயர் வரிசையை இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

யார் வீட்டுக்கு நேரில் போவது? மகளின் காதுகுத்து, சடங்கு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு வந்து செய்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். பங்காளிகள், வயதானவர்கள், தெருக்காரர்கள், உங்கள் வீட்டுக்கு நேரில் வந்து அழைத்தவர்கள், இவர்களை விடவே கூடாது. மகளின் தோழிகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் வாட்ஸ்அப் போதும், அவள் சொல்வது சரிதான். ஆனால் குரூப்பில் போட வேண்டாம். ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டுத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

என் தம்பி கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது சித்தப்பா வீடு பூட்டியிருந்தது. பத்திரிகையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்துவிட்டோம். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அம்மாவுக்கு அந்த வருத்தம் கடைசி வரை இருந்தது. பூட்டிய வீட்டுக்கு இன்னொரு நடை போய்விடுங்கள்.

போகும்போது இருவருமாகவே போங்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்து, "முதல் நாளே குடும்பத்தோட வந்துடணும்" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். மகளுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளுக்கு அவளையும் கூட்டிப் போங்கள்.