புளிய மரம் ஏற ஒற்றைக் கயிறா, இரட்டைக் கயிறா?

கேள்வி: ஒடுகத்தூர் அருகே எங்கள் நிலத்தில் ஐம்பது, அறுபது அடி உயரத்தில் 14 பழைய புளிய மரங்கள் உள்ளன. மாசி, பங்குனியில் உலுக்க வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஏறுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கயிற்றில் ஏறப் பழக என் மகனும் இரண்டு ஆட்களும் முன்வந்திருக்கிறார்கள். ஒற்றைக் கயிறு முறை, இரட்டைக் கயிறு முறை என்று இரண்டு சொல்கிறார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும் என்பதால் இரட்டைக் கயிறே மேல் என்று நினைக்கிறேன். சரியா? கிணற்று மோட்டாருக்கு வாங்கிய 40 மீட்டர் கயிறு கைவசம் இருக்கிறது. வீட்டோரம் ஆறு தென்னைகளும் உண்டு.

பதில்: ஐயா, தாங்கள் எடுத்த முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம் தவறு. அந்தக் காரணத்தை நம்பி மரம் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கயிறு முறையில் இருப்பது ஒரே கயிறுதான். அதைக் கிளைக்கு மேலாகப் போட்டு, ஒரு முனையை ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் அணிந்திருக்கும் வாரில் கட்டி, மறுபக்கம் தொங்கும் கயிற்றில் இறுகிப் பிடிக்கும் முடிச்சு ஒன்றைப் போட்டு, அதையும் அதே வாரில் மாட்டுகிறோம். ஏற ஏறக் கயிறு கிளைமேல் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஆளைத் தாங்குகின்றன. எந்தப் பக்கத்தில் அரிவாள் பட்டு அறுந்தாலும் ஆள் கீழே விழுவார்.

ஒற்றைக் கயிறு முறையில் கயிறு நகராது. கிளைக்கு மேலாகப் போட்ட கயிற்றின் ஒரு முனையை மரத்தின் தூரில் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் கால் பிடிகளையும் கைப்பிடிகளையும் மாட்டி, படிக்கட்டில் ஏறுவதுபோல் ஏறுவார்கள். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கருவிகளோடு 80 கிலோ எடையுள்ளவர் இரட்டைக் கயிற்றில் தொங்கினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 40 கிலோவாகக் கிளைமேல் 80 கிலோதான் இறங்கும். தூரில் கட்டிய ஒற்றைக் கயிற்றிலோ ஆள் பக்கம் 80, தூர்ப் பக்கம் அதே இழுப்பு என்று கிளைமேல் 160 கிலோவரை இறங்கும். பட்டையின் உராய்வு அதைச் சற்றுக் குறைக்கலாம், எம்பி எம்பி ஏறினால் இன்னும் கூடும். உள்ளே பொந்து விழுந்திருக்கக்கூடிய பழைய மரங்களில் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய முடியாது. ஒற்றைக் கயிறு என்பதால் பாதி நீளம் போதும் என்றும் எண்ண வேண்டாம். தூரில் கட்டுவதற்கு ஏறக்குறைய அதே நீளம் வேண்டும்.

புளி உலுக்குபவருக்கு ஏறுவது சிறு வேலை. அதன் பிறகு கிளை கிளையாக நடப்பதும், சற்று இறங்குவதும், மறுபடி ஏறுவதும்தான் நாள் முழுவதும் நடக்கும் வேலை. இரட்டைக் கயிற்றில் முடிச்சின்மேல் பாதி எடையே இருப்பதால், அதைக் கையால் தள்ளி ஏறலாம், மெல்லத் தளர்த்தி இறங்கலாம். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. 1931-இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் வெளியிட்ட முடிச்சும் அதன் வழிவந்த முடிச்சுகளும்தான் இதற்குப் பயன்படுகின்றன. அதே முடிச்சை மட்டும் நம்பி ஒற்றைக் கயிற்றில் இறங்க முயன்றால், முழு எடையும் அதன்மேல் விழுந்து இறுகிக்கொள்ளும், அல்லது சூடேறி உருகும். கூடுதல் உராய்வு தரும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். புதிதாகப் பழகும் மூவருக்கு இரட்டைக் கயிற்றை நான் சொல்வது இதனால்தான்.

அதில் சிரமங்களும் உண்டு. ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும், அதனால் தோள் சோர்ந்துபோகும். புளியம்பட்டை சொரசொரப்பானது, அதன்மேல் ஓடும் கயிறு தேயும், கிளையின் பட்டையும் உரியும். தடித்த தோலைக் குழாய்போல் தைத்து, கயிறு கிளையைத் தொடும் இடத்தில் மாட்டினால் இரண்டும் குறையும். பேரணாம்பட்டும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கையில் தோலுக்கு நமக்கு என்ன பஞ்சம்? கிளைகள் அடர்ந்த மரத்தில் இரண்டு பக்கக் கயிறும் ஒரே கிளையைச் சுற்றி விழும்படி போடுவதும் எளிதன்று. 300 முதல் 400 கிராம் மணல் நிரப்பிய சிறு பையை மெல்லிய கயிற்றில் கட்டி எறிந்து, அதைக் கொண்டு பெரிய கயிற்றை மேலே இழுப்பது வழக்கம். ஒற்றை முறையில் கயிறு நாலைந்து கிளைகள்மேல் விழுந்தாலும் பாதகமில்லை. அடிமரம் நெடிதாக நிற்கும் மரங்களில் கால் பலத்தால் விரைவாக ஏறலாம் என்பதும் ஒற்றை முறையின் நன்மை. தங்கள் மகன் ஓரிரு பருவம் பழகிய பிறகு, அறிந்தவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, உச்சிக்குப் போவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

எந்த முறையானாலும் உயிர் தொங்குவது கிளையில். புளிய மரம் வலியது, வளைந்தாலும் எளிதில் ஒடியாது என்ற பெயர் பச்சைக் கிளைக்குத்தான் பொருந்தும். அரை அடிக்குக் குறைந்த குறுக்களவுள்ள கிளையை நான் ஏற்பதில்லை. அதுவும் அடிமரத்தை ஒட்டிய கவையாக இருக்க வேண்டும். காளான் முளைத்த, பட்டை உதிர்ந்த, துளையிலிருந்து மரத்தூள் கொட்டும் கிளைகளை விட்டுவிடுங்கள். கயிற்றைப் போட்டதும், ஏறுவதற்கு முன், தரையில் நின்றபடியே இருவர் சேர்ந்து தொங்கி உலுக்கிப் பாருங்கள். காய்கள் கிளை நுனியில் இருப்பதால் ஆள் வெளியே நடந்தாக வேண்டும். கயிறு மிகச் சாய்ந்திருக்கும்போது கால் வழுக்கினால் ஊஞ்சல்போல் வீசப்பட்டு அடிமரத்தில் மோதுவார். ஆகவே கயிறு உயரத்திலும் மரத்தின் நடுவிலும் இருக்கட்டும். நுனிக் காய்களுக்குத் துரட்டி போதும்.

கிணற்று மோட்டார்க் கயிற்றைத் தயவுசெய்து மரத்துக்குக் கொண்டு வராதீர்கள். கடைகளில் நைலான் என்று விற்கப்படும் மஞ்சள், நீலக் கயிறுகளில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். வெயிலில் நைந்துபோகும், உராய்வின் சூட்டையும் தாங்காது. உள்ளே இழையும் மேலே பின்னிய உறையும் கொண்ட, அதிகம் நீளாத, 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏறுகயிறே வேண்டும். 45 அடிக் கவைக்கு இரு பக்கமும் சேர்த்து 28 மீட்டர் போக, முடிச்சுகளுக்கும் நகர்வதற்கும் மிச்சம் வேண்டுமாதலால், 40 மீட்டர் என்ற நீளம் மட்டும் சரிதான். கட்டட வேலைக்கு விற்கும் வாரில் முதுகு வளையம் மட்டுமே இருந்தால், அது விழுபவரைப் பிடிக்கத்தான் உதவும். தொடையைத் தாங்கி, முன்புறம் மாட்டும் வளையமுள்ள வாரே இந்த வேலைக்கு ஏற்றது.

கிளை மாறும்போதும் அரிவாளை எடுக்கும்போதும் இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி இரண்டாவது குட்டைக் கயிற்றை மாட்டிய பிறகே அடுத்த வேலை. தொங்கும் கயிற்றின் முனையில் தடுப்பு முடிச்சு கட்டாயம். இல்லையென்றால் இறங்கும்போது கயிற்றின் முனை பிடிமுடிச்சை விட்டு உருவிவிடும். சறுக்கினால் பிடிமுடிச்சைக் கையால் பற்றக் கூடாது என்பதைத் தரையிலேயே பழக்குங்கள். பற்றினால் அது இறுகாது. மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, மின்கம்பி அருகே ஓடுகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

மேலே ஒருவர் மயங்கி வாரில் தொங்கினால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். தூரில் இறக்கும் கருவியோடு கட்டிய ஒற்றைக் கயிறாக இருந்தால் கீழிருந்தே அவரை இறக்கலாம். இரட்டைக் கயிற்றில் அது முடியாது. அதனால் இரண்டாவது கயிறும் வாரும் தயாராக, ஏறத் தெரிந்த இன்னொருவர் எப்போதும் கீழே நிற்க வேண்டும். தங்களிடம் மூவர் இருப்பதால் ஒருவர் மேலே, இருவர் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னைகளுக்கு இந்த இரண்டு முறையும் வேண்டாம். கவை இல்லாத மரத்தில் மட்டையின்மேல் கயிற்றைப் போட்டால் மட்டை கழன்று வந்துவிடும். அடிமரத்தைப் பற்றி ஏறும் தென்னை ஏறும் கருவியே அங்கு ஏற்றது. அதைப் பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.