அழுகிய முட்டை, சுண்ணாம்பு விளக்கு, ஊதாத் துணி: விமர்சன ஆங்கிலம் பற்றிய கேள்வி பதில்

ஆங்கிலத்தில் வரும் ஓவிய, நாடக, சினிமா விமர்சனங்களைப் படிக்கும்போது அகராதி கைவிட்டுவிடும் இடங்கள் உண்டு. அப்படிச் சிக்கிய சொற்றொடர்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: ஒரு லண்டன் ஓவியக் கண்காட்சியை 'க்யூரேட்ஸ் எக்' என்று எழுதியிருந்தார்கள் சார். முட்டை ஓவியம் ஒன்றுகூட அங்கே இல்லை. 'க்யூரேட்டர்' என்பதில் வந்த அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. க்யூரேட்டர் கண்காட்சியை அமைப்பவர். க்யூரேட் என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையில் கீழ்நிலையில் இருக்கும் பாதிரியார். 1895 நவம்பரில் 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழில் ஜார்ஜ் டு மோரியே ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். பிஷப்புடன் காலை உணவு. க்யூரேட்டுக்கு வந்தது கெட்டுப்போன முட்டை. பிஷப்பே அதைக் கவனித்து, முட்டை சரியில்லை போலிருக்கிறதே என்கிறார். பெரிய மனிதர் முன்னால் குறை சொல்லலாமா? "அதெல்லாம் இல்லை பிரபு, சில பகுதிகள் பிரமாதமாக இருக்கின்றன" என்கிற மாதிரி பதில் சொல்லிவிடுகிறார் இவர். இன்று இந்தச் சொற்றொடருக்குப் பொருள், சில இடம் நன்று, சில இடம் மட்டம் என்பது. உங்கள் கண்காட்சியில் சில அறைகள் தேறின, சில தேறவில்லை.

கேள்வி: மேலே உள்ள பதிலுக்கு ஒரு மறுப்பு. முட்டை அழுகினால் முழுவதும்தானே அழுகும்? அப்படியானால் கண்காட்சி மொத்தமும் மோசம் என்றல்லவா ஆகிறது?

பதில்: மூலக் கதைப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. பாதி நல்ல முட்டை என்று ஒன்று கிடையாது, நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. ஆனால் கேலிச்சித்திரத்தைப் பார்க்காதவர்கள் வாய்க்கு அது போனபோது, 'சில பகுதிகள் பிரமாதம்' என்பதை அப்படியே நம்பிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் கலவை என்ற பொருள்தான். சந்தேகம் வந்தால் அடுத்த பத்தியைப் பாருங்கள். எந்த அறை, எந்த ஓவியம் நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லியிருந்தால் கலவை. ஒன்றைக்கூடச் சொல்லாமல் நகர்ந்தால் விமர்சகர் பழைய பொருளில் குத்துகிறார். இந்த வேலையை எல்லாச் சொற்றொடருக்கும் செய்யலாம். பாராட்டா திட்டா என்பதை அக்கம்பக்கத்து வரிதான் சொல்லும்.

கேள்வி: ஒரு நடிகர் தன் பாத்திரத்தை 'ஃபோண்ட் இன்' செய்தார் என்று படித்தேன். டப்பிங்கைப் போனிலேயே முடித்துவிட்டாரா?

பதில்: இல்லை, கடனே என்று நடித்தார். இது சுத்தமான திட்டு. பாராட்டாக நான் எங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: அப்போது 'ச்யூயிங் த சீனரி'? செட்டையே மென்று தின்றார் என்கிறார்கள்.

பதில்: மிகை நடிப்பு. மேடையில் கடிக்க மிச்சம் திரைச்சீலைதான் என்கிற அளவுக்கு. இங்கேதான் கவனம் தேவை. அழுத்தமான குடும்பக் கதையில் சொன்னால் குறை. வில்லன் வேடத்தில் ஒருவர் 'ரசித்து' மென்றார் என்று வந்தால், விமர்சகரும் கூடச் சேர்ந்து ரசித்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, 'லைம்லைட்' என்பதில் எலுமிச்சை எப்படி வந்தது?

பதில்: வரவே இல்லை. இந்த 'லைம்' சுண்ணாம்பு. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுவாலையைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால் கண்கூசும் வெள்ளை ஒளி வரும். 1820களில் தாமஸ் டிரம்மண்ட் இதை நில அளவைக்குப் பயன்படுத்தினார். 1837இல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடக அரங்குக்கு வந்தது. கட்டி எரிந்து தேயத் தேய ஓர் ஆள் பக்கத்திலேயே நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் முக்கியமானவர் மேல் அந்த ஒளி விழும். அதனால்தான் புகழ் வெளிச்சத்துக்கு அந்தப் பெயர். பாவம், திருப்பியவர் மேல் எந்த வெளிச்சமும் விழவில்லை.

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் 'பர்ப்பிள் பேட்ச்' என்றால் நல்ல ஃபார்ம். நாவல் விமர்சனத்தில் 'பர்ப்பிள் ப்ரோஸ்' மட்டும் ஏன் கெட்ட வார்த்தை?

பதில்: நல்ல கேள்வி. இரண்டுக்கும் வேர், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கவிதைக் கலை பற்றி எழுதியது. கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் அன்று பெரும் விலை. கம்பீரமாகத் தொடங்கும் கவிதையில் சிலர் வானவில், ரைன் நதி, தேவதையின் சோலை என்று பளபளக்கும் வர்ணனையைக் கொண்டுவந்து ஊதாத் துணி ஒட்டுப்போடுகிறார்கள், அவற்றுக்கு இது இடமில்லையே என்கிறார் அவர். துணியில் குறையில்லை, ஒட்டிய இடம்தான் தப்பு. கிரிக்கெட்காரர்கள் பளபளப்பை எடுத்துக்கொண்டார்கள், நாவல் விமர்சகர்கள் பொருந்தாமையை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு நாவலின் நடை 'பர்ப்பிள்' என்றிருந்தால், எழுத்தாளருக்கு எழுதத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே அடக்க வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு வெப் சீரிஸ் மூன்றாவது சீசனில் 'ஜம்ப்ட் த ஷார்க்' என்கிறார்கள். அதில் கடலே கிடையாது.

பதில்: 'ஹேப்பி டேஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் 1977இல் நாயகன் ஃபான்ஸி நீர்ச்சறுக்கில் சுறாவைத் தாண்டினான், அதுவும் தோல் ஜாக்கெட்டோடு. சரக்கு தீர்ந்த தொடர் கவனத்தை இழுக்க ஏதாவது கோமாளித்தனம் செய்யும் கட்டத்துக்கு அந்தக் காட்சி பெயராகிவிட்டது. அதற்கப்புறமும் அந்தத் தொடர் 1984 வரை ஓடியது. அதனால் விமர்சகர் சொன்னார் என்பதற்காக நீங்கள் மூன்றாவது சீசனோடு நிறுத்த வேண்டியதில்லை.