'கோ டு' போட்டால் குற்றமா?

கேள்வி: சி நிரல் மொழியில் 'கோ டு' (goto: நிரலின் வேறொரு இடத்துக்கு நேராகத் தாவச் சொல்லும் கட்டளை) எழுதினால் எங்கள் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். அது அவ்வளவு கெட்டதா, சார்? (கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: உங்கள் பேராசிரியர் பக்கம் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இருக்கிறார். 'கோ டு'வை எதிர்த்து 1968-இல் டைக்ஸ்ட்ரா ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்துக்கு 'கேடு' என்று தலைப்பு வைத்தவர் மட்டும் அந்த இதழின் ஆசிரியர் நிக்லாஸ் விர்த். (பத்திரிகைக்காரர் புத்தி!) 1974-இல் இன்னொரு கணினி அறிஞரான க்னூத், இடம் பார்த்துப் போட்டால் தப்பில்லை என்று விரிவாக எழுதினார். நான் க்னூத் கட்சி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் திறந்து பாருங்கள். மூன்று முறை நினைவகம் வாங்கிவிட்டு நான்காவதில் பிழை வந்தால், ஃபங்ஷனின் அடியிலுள்ள லேபிளுக்கு (தாவ வேண்டிய இடத்துக்கு வைத்த பெயர்) 'கோ டு' போட்டுத் தாவி, வாங்கியதைத் தலைகீழ் வரிசையில் விடுவிக்கிறார்கள். அதையே 'இஃப்'களை அடுக்கி எழுதினால் படிக்கவே முடியாது. நீங்கள் பின்னோக்கித் தாவி லூப் போட்டீர்களா? அப்படியென்றால் மதிப்பெண் குறைத்தது சரிதான். லூப்புக்கென்றே 'வைல்' கட்டளை எதற்கு இருக்கிறதாம்?